பதில் சொல்லாத கமராக்கள்

திருகோணமலையில் இப்போது கடைக்குக் கடை கண்காணிப்புக் கமரா. ஒரு நாள் அதைப் பார்த்து "யார் அது?" என்று கேட்கும்போதுதான் வாங்கியது என்னவென்று தெரிகிறது.

காலை ஏழு மணிக்குக் கடைக்குள் ஐந்து பேர் ஒரே மொனிட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலாளி, வேலைக்கு நிற்கும் இரண்டு பொடியன்கள், பக்கத்துக் கடைக்காரர், மீன் வாங்க வந்து வேடிக்கைக்கு நின்றுவிட்ட ஒருவர். கதவைத் திறந்து கொஞ்ச நேரத்துக்குள் லாச்சியில் இருந்த பணம் போய்விட்டது. "பின்னால போ, பின்னால போ... நிப்பாட்டு!" படம் நிற்கிறது. வாசலில் ஆள் தெரிகிறான். தோள் தெரிகிறது, கையில் ஒரு பை தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு. கிழக்குக் கடலில் எழும்பும் வெயில் நேரே வாசலுக்குள் விழ, வந்தவன் நிழலாகி நிற்கிறான். "எட்டுக் கமரா போட்டனாங்கள்" என்கிறார் முதலாளி, யாரையும் பார்க்காமல். பக்கத்துக் கடைக்காரர்தான் மற்றதைக் கவனிக்கிறார். படத்தின் மூலையில் நேரம் 9:02 என்று ஓடுகிறது. சம்பவம் நடந்தது ஆறரைக்கு.

இது ஏதோ ஒரு கடையின் கதையில்லை. மத்திய வீதி, என்.சி. வீதி, உப்புவெளி விடுதிகள், சீனக்குடாப் பக்கத்துக் களஞ்சியங்கள் என்று எங்கே விசாரித்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வந்து விழும்.

எப்படி இவ்வளவு கமரா வந்தது

துறைமுகம் என்றாலே காவல்தான். போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் மலையடியில் கோட்டை கட்டிய காலத்திலிருந்து வருகிறவர் போகிறவரைப் பார்ப்பது இந்த ஊரின் தொழில்களில் ஒன்று. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கோவை 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சர்வதேசக் கப்பல் கட்டும் ஒவ்வொரு துறைக்கும் வேலி, வெளிச்சம், கண்காணிப்பு என்று எழுதிவைத்த பாதுகாப்புத் திட்டம் தேவைப்பட்டது. மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதம் போன்ற பெரிய இடங்களுக்கு அதற்கென்று ஆளும் அதிகாரியும் உண்டு. நமது பிரச்சினை அவர்களுடையது இல்லை. இரண்டு லொறி வைத்து மீன் ஏற்றுகிறவர், பன்னிரண்டு அறை விடுதி நடத்துகிறவர், ஹாட்வெயார் கடைக்காரர் போன்றோரிடம் பாதுகாப்பு அதிகாரியும் முதலாளிதான், காசாளரும் முதலாளிதான்.

இந்தச் சிறு முதலாளிகளைக் கமராப் பக்கம் தள்ளியது 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடே இரண்டு காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒன்று, சங்ரி-லா ஹோட்டலில் முதுகுப்பையோடு லிப்டுக்குக் காத்திருந்த இருவர். மற்றது, கட்டுவாப்பிட்டி தேவாலயத்தை நோக்கி நிதானமாக நடந்துபோன ஒருவர். "கமரா இருந்தால் பிடித்துவிடலாம்" என்ற நம்பிக்கை அப்போது பலருக்கு வந்தது. அந்தக் காட்சிகள் ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தன என்று யாரும் யோசிக்கவில்லை. ஆட்கள் கமராவுக்குக் கிட்ட வந்தார்கள், போதிய வெளிச்சம் இருந்தது. நம்முடைய கடைகளில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இரண்டும்தான்.

எத்தனை கமரா என்று கேட்காதீர்கள்

கொட்டேஷன் கொண்டுவருகிறவர் முதலில் சொல்வது எண்ணிக்கை: நாலு, எட்டு, பதினாறு. அடுத்தது மெகாபிக்சல். இரண்டும் விலையைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. ஒவ்வொரு கமராவையும் காட்டி "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் இருப்பது "யார்?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். லாச்சிக்கு மேலே இருப்பது "என்ன நோட்டு, யாருடைய கை?" என்பதற்கு. களஞ்சியத்தில் இருப்பது "எத்தனை பெட்டி ஏறியது?" என்பதற்கு. முற்றத்தில் இருப்பது "யாராவது வந்தார்களா?" என்பதற்கு மட்டும் போதும், முகம் அங்கே தேவையில்லை. இந்த நான்கையும் ஒரே மாதிரிக் கமராவால் செய்ய முடியாது. ஆனால் நமது ஊரில் நான்குக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரி எடுத்துப் பூட்டுகிறார்கள்.

┌─ தூரமும் முகமும் ─┐
முன்பின் அறியாத ஒருவரைப் படத்திலிருந்து அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீற்றருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. ஏற்கெனவே தெரிந்தவரை "இவர்தான்" என்று சொல்ல 125 போதும். "ஓர் ஆள் இருக்கிறார்" என்பதற்கு 25.
இரண்டு மெகாபிக்சல் கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். ஆகவே ஏழரை மீற்றர் அகலத்துக்கு மேல் காட்டினால் அந்நியரின் முகம் கிடைக்காது.
பெரும்பாலான கடைகளில் பூட்டும் 2.8 மில்லிமீற்றர் வில்லை அந்த அகலத்தைச் சுமார் 3 மீற்றர் தூரத்திலேயே எட்டிவிடும். 6 மில்லிமீற்றர் வில்லை என்றால் ஏழு, ஏழரை மீற்றர் வரை முகம் வரும், ஆனால் பக்கங்கள் வெட்டுப்படும்.
└──────────┘

இந்தக் கணக்கு தெரிந்தால் பேரம் பேசும் விதமே மாறும். பதினாறு அகலக் கோணக் கமராக்களை விட, வாசலுக்கென்று ஒடுங்கிய வில்லையோடு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பூட்டிய ஒன்று கூடுதல் வேலை செய்யும். கூரை முகட்டில் பூட்டினால் தொப்பியும் தலைமயிரும்தான் பதிவாகும். கடலைப் பார்த்த வாசல் என்றால், வெயிலையும் நிழலையும் ஒன்றாகச் சமாளிக்கும் கமரா தேவை. வியாபாரிகள் இதை "டபிள்யூடிஆர்" என்பார்கள். பெட்டியில் "டிஜிட்டல்" என்ற சொல் அதற்கு முன்னால் ஒட்டியிருந்தால், படத்தை எடுத்த பிறகு வெளுப்பாக்கும் வித்தை அது. உண்மையானதில் 120 டெசிபெல் என்று எண் போட்டிருக்கும். அதைக்கூட நம்ப வேண்டாம். காலை ஆறரைக்கு வாசலில் ஒருவரை நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரவில் வாகன இலக்கம் வேண்டும் என்கிறவர்கள் தனிக் கமரா வாங்க வேண்டியிருக்கும். முகத்துக்குச் சரிசெய்த கமராவில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் இலக்கத் தகடு வெள்ளைக் கடதாசியாகிவிடும்.

உப்பு, கச்சான், இடி

கொழும்பில் ஐந்து வருடம் ஓடும் சாமான் திருக்கடலூரில் இரண்டு வருடம் ஓடினால் பெரிது. காரணம் கமரா இல்லை, அதன் வால். வயரும் கமராவும் சேரும் இணைப்புக்குள் உப்புக் காற்று புகுந்து செம்பு பச்சை பிடிக்கிறது. முதலில் படத்தில் கோடு ஓடும், பிறகு மழைநாளில் மட்டும் படம் போகும், கடைசியில் "கமரா பழுது" என்று புதிது வாங்குவோம். இணைப்பை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மழை அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஓடாது. கடற்கரையில் திருகாணிகூட முக்கியம். சாதாரண ஆணி ஒரு வாடைக்காலத்தில் கரைந்து, கமரா தலைகுனிந்து தரையைப் பதிவுசெய்யத் தொடங்கும். 316 தர எவர்சில்வர் ஆணி விலை கூடத்தான், ஆனால் மொத்தச் செலவில் அது ஒன்றுமேயில்லை.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வேறு. வெயிலும் தூசியும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு படை ஏறும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அந்தத் தூசியே ஒளிர்ந்து படம் முழுவதும் பால் ஊற்றியது போலாகும். கூடவே பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வரும். மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைக்க ஏணியும் ஆளும் வேண்டும் என்பதைக் கொட்டேஷன் எங்கேயும் சொல்லாது.

ஐப்பசி இடி முழக்கத்தில் பழுதாய்ப்போகும் பதிவுப் பெட்டிகளுக்குக் கணக்கேயில்லை. வெளியே ஓடும் ஒவ்வொரு நீண்ட வயரும் இடியின் மின்னழுத்தத்தை உள்ளே கூட்டிவரும் வழி. நெட்வேர்க் வயரை நூறு மீற்றருக்கு மேல் இழுக்கவும் கூடாது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களில் முற்றத்தைக் கடந்து கமரா போட வேண்டியவர்களுக்கு ஒளியிழை வயர்தான் சரி. அதில் மின்சாரம் ஓடாது, இடியும் ஓடாது.

கரண்ட் போன இரவில்

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதையும் இருட்டாக்கியது. ஒரு குரங்குக்கு இவ்வளவு வலு என்றால், கரண்ட் போகும் நேரம் எதுவென்று காத்திருக்கும் மனிதனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எட்டுக் கமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து சுமார் 60 வோட் எடுக்கும். கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. இரவு முழுவதும் ஓட வேண்டுமென்றால் பெரிய பற்றரியும் இன்வேட்டரும் வேண்டும். செலவு கட்டாது என்றால் வாசல், லாச்சி, பதிவுப் பெட்டி மூன்றுக்கும் மட்டும் பற்றரி கொடுங்கள். முற்றம் இருளட்டும்.

┌─ ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள்? ─┐
இரண்டு மெகாபிக்சல் கமரா புதிய சுருக்கமுறையில் விநாடிக்கு 2 மெகாபிட் எடுத்தால், ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட். எட்டுக் கமராவுக்குச் சுமார் 173 கிகாபைட்.
1 டெராபைட் டிஸ்க்: ஆறு நாள்கூட வராது.
4 டெராபைட்: சுமார் 23 நாள்.
பழைய சுருக்கமுறையில் 4 மெகாபிட் என்றால் அதே 4 டெராபைட் பதினொன்றரை நாள்.
இடம் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். யாரும் அழிக்கத் தேவையில்லை.
└──────────┘

லாச்சிக் களவு அன்றைக்கே தெரியும். களஞ்சியக் களவு மாதக் கடைசியில் கணக்கெடுக்கும்போதுதான் தெரியும். ஆறு நாள் டிஸ்க்கை வைத்துக்கொண்டு அப்போது என்ன பார்க்க? எத்தனை நாள் பதிவு வேண்டும் என்பதை உங்கள் கணக்கெடுப்பு நாள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பதிவை வைத்திருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் பார்த்தது. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரின் அறிக்கையில் ஒரு விவரம் உண்டு. நிலையத்தின் பதிவுப் பெட்டியில் 1 டெராபைட் இடம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அதே வேளை, கடைத்தெருவில் அவர்களுடைய கடைக்குப் பக்கத்துக் கடையொன்றின் சாதாரணக் கமரா வேலை செய்துகொண்டிருந்தது. கைது நேரத்தில் தந்தையும் மகனும் ரகளை செய்தார்கள் என்ற பொலிஸ் பதிவுக்கு மாறான காட்சி அதிலிருந்துதான் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 2இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பொலிஸ் நிலையங்களின் பதிவுகளை 18 மாதமும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமும் வைத்திருக்க உத்தரவிட்டது.

அந்தக் கடைக்காரர் நாட்டுக்குச் சாட்சி சொல்லவென்று கமரா வாங்கியிருக்க மாட்டார். தன் கடைக்கென்றுதான் வாங்கியிருப்பார்.

நீதிமன்றம் கேட்கும் கேள்வி

தொடக்கத்தில் 9:02 என்று ஓடிய நேரம் நினைவிருக்கும். சீனாவில் செய்த பெட்டியை அப்படியே பூட்டிவிட்டு நேரவலயத்தை மாற்றாமல் விட்டால் அது பெய்ஜிங் நேரத்தில் ஓடும். இலங்கையை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இது போதும். "அந்த நேரம் எனது கட்சிக்காரர் கிண்ணியாவில் நின்றார்" என்று இரண்டு சாட்சியோடு வருவார்.

இலங்கையில் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கென்றே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. கருவி சரியாக இயங்கியது, பதிவில் கைவைக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும். விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், அவர்கள் அதைப் பரிசோதிக்கக் கேட்கலாம். ஆகவே மொனிட்டரைப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதோடு வேலை முடியாது. பெட்டியிலிருந்து மூலப் பதிவை அப்படியே எடுத்து, யார் எடுத்தது, எப்போது, யாரிடம் கொடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். பொலிஸார் பெட்டியையே கழற்றிக் கொண்டுபோனால் தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள், அதற்கு முன் ஒரு பிரதி எடுங்கள்.

நடைமுறை சரியாக இருந்தாலும் படம் தெளிவாக இருக்க வேண்டும். 2012 மே 17 அதிகாலை ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் கொழும்பில் எரிந்த காருக்குள் இறந்து கிடந்தார். முதலில் விபத்து என்றார்கள், 2015இல் அது கொலை விசாரணையானது. வீதிக் கமராப் பதிவுகள் இருந்தன. தெளிவில்லாததால் அவற்றை ஆராயக் கனடா வரை போக வேண்டியிருந்தது. மங்கலாக எடுத்த படத்தைத் தொலைக்காட்சி நாடகங்களில் போல ஒரு பொத்தானை அழுத்தித் தெளிவாக்க முடியாது. பதியாத முகத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கொண்டுவந்தால், அது கற்பனை செய்த முகம்.

இந்த ஊருக்கு ஒரு படத்தின் விலை தெரியும்

2006 ஜனவரி 2 மாலை, காந்தி சிலையடிக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறையில் எடுத்த படங்கள் துப்பாக்கிச்சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு பதின்மூன்று வருடம் இழுபட்டு, 2019 ஜூலை 3இல் போதிய சாட்சியம் இல்லையென்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த ஊரில் கமரா வாங்குகிறவரிடம் இன்னொரு கேள்வி இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளிப்படையாகக் கேட்கமாட்டார்கள், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எங்கட வாசல் கமராவில ரோட்டும் விழுது. நாளைக்கு யாராவது வந்து அதைத் தா எண்டால்?" கள்ளனைப் பிடிக்கும் அதே கமரா, ஊர்வலத்தில் போகிறவரையும் எதிர்வீட்டுக்கு வந்துபோகிறவரையும் பதிகிறது. என் அபிப்பிராயம் இதுதான்: வீதியை எவ்வளவு குறைத்துக் காட்ட முடியுமோ அவ்வளவு நல்லது. பெரும்பாலான பெட்டிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. எதிர்வீட்டு யன்னலை அப்படி மறைப்பது அயலுறவுக்கும் நல்லது. யார் பதிவைக் கேட்டாலும், பொலிஸாக இருந்தாலும், எழுத்தில் கேட்கச் சொல்லும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். இடையில் தொடங்கினால் அது சந்தேகமாகத் தெரியும்.

சட்டம் இன்னும் முழுதாகத் துணைக்கு வரவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பிற்போடப்பட்டன. வரும்போது ஒருவரின் முகப்படமும் அவருடைய தரவாகவே எண்ணப்படும். "இங்கே கமரா உண்டு" என்ற பலகையை இப்போதே மாட்டிவைப்பதில் நட்டமில்லை. உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர் அறை வாசலுக்கு உள்ளே எதையும் பூட்டவே கூடாது. துணிக்கடைக்காரர் உடுப்பு மாற்றும் இடத்தின் திரைச்சீலைகூட படத்தில் விழாமல் பார்க்க வேண்டும்.

சாவி யாரிடம்?

2016இல் மிராய் என்ற கெட்ட மென்பொருள் உலகெங்கும் கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத் தன் படையாக்கியது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் போட்ட அறுபது சொச்சக் கடவுச்சொற்களின் பட்டியல். அவ்வளவுதான். அந்த ஒக்டோபரில் அது நடத்திய தாக்குதலில் டுவிட்டரும் நெட்பிளிக்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. யாரோ ஒரு கடைக்காரர் மாற்றாமல் விட்ட "அட்மின், 12345" தான் அந்தப் படையில் ஒரு சிப்பாய்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு ஹிக்விஷன், டாஹுவா என்ற சீன நிறுவனங்களுடையது. 2022 நவம்பரில் அமெரிக்கா அவற்றின் புதிய கருவிகளுக்கு அனுமதியை நிறுத்தியது, பிரித்தானியா முக்கிய அரச இடங்களில் சீனக் கமரா பூட்ட வேண்டாம் என்றது, இந்தியா 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கடற்படைத் தளத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவருக்கு இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்து பெய்ஜிங்கில் இல்லை, பூட்டிய தம்பியின் போனில் இருக்கிறது. பல கடைகளில் கமராக் கணக்கு பூட்டியவரின் மின்னஞ்சலில்தான் திறந்திருக்கும். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனால் சாவியும் கூடவே போய்விடும்.

தொரண்டோவிலோ இலண்டனிலோ இருந்து முதல் போட்ட அண்ணை இரவு விழித்திருந்து போனில் கடையைப் பார்ப்பதும் உண்டு. பத்து நிமிடம் கதிரையில் இருந்த பொடியனுக்கு அங்கிருந்து அழைப்பு வரும். கணக்கெடுப்பு ஒழுங்காக இல்லாத கடையில் இது களவை நிறுத்தாது, நல்ல வேலையாளைத்தான் நிறுத்தும். லாச்சியையும் வாசலையும் மட்டும் வெளியூருக்குத் திறந்துவிட்டு, வேலையாட்கள் சாப்பிடும் இடத்தை விட்டுவிடலாம். எதையெதை யார் பார்க்கிறார்கள் என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

கடைசித் தவணைப் பணத்தை மட்டும் கையில் வைத்திருங்கள். காலை ஆறரைக்கும் இரவு ஒன்பதுக்கும் ஒருவரை ஹெல்மெட்டோடும் இல்லாமலும் வாசலால் நடக்கவிட்டு, அந்தப் பதிவைப் பூட்டியவரே பென்டிரைவில் எடுத்துத் தரட்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். நேரத்தைப் போனோடு ஒப்பிடுங்கள். கடவுச்சொல்லை உங்கள் கையாலேயே மாற்றுங்கள், கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். இதற்கெல்லாம் பூட்டியவர் முகம் சுளித்தால், மழைக்காலத்தில் நீங்கள் அழைக்கும்போது அவர் போனை எடுக்கமாட்டார். வேறு ஆளைப் பாருங்கள்.